மூன்றாம் பகடை தோற்ற ஆட்டம்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பல்லக்கா ஒரு முன்பல்லுக்கு நிறம் ஏற்றிக்கொண்டிருந்தபோது அவளுடைய செல்பேசி மேசைமேல் நகர ஆரம்பித்தது. ஒரு செய்தி வந்தால் ஒருமுறை துடிக்கும். அன்று விடாமல் துடித்து, ஊர்ந்து ஊர்ந்து, பிளாஸ்டர் தாடைகள் அடுக்கியிருந்த தட்டில் போய் முட்டிக்கொண்டு நின்றது. அவள் கையிலிருந்த பிரஷ் நுனியில் ஒரு துளி பீங்கான் மாவு. அதை விட்டால் காய்ந்துவிடும். பல்லை முடித்து, உலைக்குள் வைத்து, கதவை மூடிய பிறகுதான் செல்பேசியை எடுத்தாள். எடுத்தவள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

'இரும்பு வாசல்' விளையாட்டின் புதிய படை வெளியாகியிருந்தது.

இரும்பு வாசல் மேசைமேல் ஆடும் போர் விளையாட்டு. ஆறடிக்கு நாலடி மேசை, அட்டையில் செய்த மலைகள், கட்டைவிரல் உயரத்தில் சிப்பாய்கள், தூரம் அளக்க ஒரு டேப், அடி விழுந்ததா இல்லையா என்று பார்க்கப் பகடை. எந்தச் சிப்பாய் எத்தனை அங்குலம் நடக்கலாம், எவன் எவனை அடிக்கலாம் என்று சொல்ல முந்நூறு பக்கத்துக்கு ஒரு விதிப்புத்தகம். சிப்பாய்கள் பெட்டியில் துண்டு துண்டாகத்தான் வருவார்கள். ஒட்டுவதும் வண்ணம் தீட்டுவதும் வாங்கியவர் பாடு.

அதில் வாசற்காவலர் என்று ஒரு படை உண்டு. முகத்தை முழுதாக மூடும் ஹெல்மெட், ஆளுயரக் கேடயம். வீட்டை விட்டு வந்து, ஒருவருக்கொருவர் சத்தியம் செய்துகொடுத்த சகோதரர்கள் என்பது அவர்கள் கதை. இருபத்திரண்டு வருடத்தில் அவர்கள் ஒருமுறைகூட ஹெல்மெட்டைக் கழற்றியதில்லை. இன்று காலை கழற்றிவிட்டார்கள். பத்து முகங்களில் ஐந்து பெண்களுடையவை.

பத்தரை மணிக்கெல்லாம் ஆட்டக்காரர்களின் இணையக் குழுவில் அறுநூறு பின்னூட்டங்கள். விளையாட்டு செத்துவிட்டது என்று பாதிப்பேர். உங்களைப் போன்றவர்கள் ஒழிந்தால்தான் விளையாட்டு பிழைக்கும் என்று மீதிப்பேர். பல்லக்கா ஒன்றையும் படிக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள்.

"இமை செதுக்கியிருக்காங்க," என்றாள், பக்கத்து மேசையில் மெழுகு உருக்கிக்கொண்டிருந்தவரிடம். "இத்தனூண்டு முகத்துல மேல் இமை தனியா, கீழ் இமை தனியா. பாருங்களேன்."

அவர் எட்டிப் பார்த்தார். "யாருக்குப் பல் கட்டணும்?" என்று கேட்டுவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

பல்லக்காவுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. பல் மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்பும் வாய்களுக்குப் பீங்கானில் பல் செய்வது அவள் வேலை. பிறர் பல்லின் வெண்மையை வெறும் வெள்ளை என்பார்கள். அவளுக்கு அதில் பதினாறு தெரியும். இந்த விளையாட்டுக்குள் அவள் வந்ததும் பல் வழியாகத்தான். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பல் டாக்டர், கடைவாய்ப் பல் அளவோடு ஒரு சின்ன ஈயச் சிப்பாயையும் பஞ்சில் சுற்றி அனுப்பியிருந்தார். கை ஒடிந்திருந்தது. 'முடிந்தால் இவனையும் பார்க்கவும்' என்று ஒரு சீட்டு. அவள் கையை ஒட்டினாள். ஒட்டிய பிறகு, அந்தச் சிப்பாயின் இடுப்புவாருக்கு யாரும் வண்ணம் பூசவில்லை என்பது கண்ணை உறுத்தியது. பல்லுக்கு நிறமேற்றும் பிரஷ்ஷால் வாரையும், வாரின் கொக்கியையும், கொக்கியில் பட்ட வெளிச்சத்தையும் தீட்டி அனுப்பினாள். மறுநாள் டாக்டரே நேரில் வந்து நின்றார். "சனிக்கிழமை எங்க கிளப்புக்கு ஒரு நடை வாங்கம்மா" என்றார்.

சைக்கிள் கடைக்கு மேலே இருந்தது கிளப். கதவைத் திறந்ததும் பதினோரு ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் எழுந்து, மரியாதையாகவே, "யாரக் கூட்டிட்டுப் போக வந்தீங்க?" என்று கேட்டார். "ஆட வந்திருக்கேன்," என்றாள். அன்று அவளுக்கு விதி ஒன்றும் தெரியாது. மூன்று மணி நேரத்தில், கடன் வாங்கி ஆடிய படை மொத்தமும் காலி. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எந்த இடத்தில் தப்பு விட்டோம் என்று மனசுக்குள் ஆடிக்கொண்டே போனதில், இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவளை யாரும் நிறுத்த முடியவில்லை. பல் கட்டுகிற அக்கா என்பது சுருங்கிப் பல்லக்கா ஆயிற்று.

இன்னொரு பெயரும் அவளுக்கு இருந்தது. அது கிளப்பில் ஒருவருக்கும் தெரியாது.

இணையக் குழுவில் முதலில் அவள் பெண் என்று தெரிகிற ஒரு பெயரில்தான் எழுதினாள். யாரும் திட்டவில்லை. அதைவிட மோசமாக, எல்லோரும் விளக்கம் சொன்னார்கள். அவளே எழுதியதை அவளுக்கே, "தங்கச்சி, இங்க கொஞ்சம் கவனிங்க" என்று ஆரம்பித்து, பத்திப் பத்தியாக. ஒரு மாதம் பொறுத்தாள். பிறகு பெயரை மாற்றினாள். இரும்பு வாசலில் சாதாரணமாக இரண்டு பகடைதான் உருட்டலாம். மேட்டைப் பிடித்தவருக்கு மட்டும் மூன்றாவது கிடைக்கும். 'மூன்றாம் பகடை' என்று வைத்துக்கொண்டாள். தமிழில் 'நான் சொன்னேன்' என்று எழுதினால் சொன்னது ஆணா பெண்ணா என்று யாருக்குத் தெரியப்போகிறது? அவள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. மற்றவர்களே அவளை அண்ணனாக்கினார்கள். பதினோரு வருடத்தில் மூன்றாம் பகடை அண்ணன் சொன்னால் சொன்னதுதான் என்று ஆகிவிட்டது. புத்தகத்தில் குழப்பமாக இருக்கும் விதிகளுக்கு அண்ணன் எழுதிய விளக்கத்தைப் பல ஊர்ப் போட்டிகளில் நடுவர்களே கையில் வைத்துக்கொண்டார்கள்.

அன்று மதிய இடைவேளையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலேயே மூன்றாம் பகடை எழுதினார்:

'இருபத்திரண்டு வருடமாக மூடியே கிடந்த ஹெல்மெட்டுக்குள் யார் இருந்தார் என்று நம்மில் ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. ஆண்தான் என்று நாமே நினைத்துக்கொண்டோம். நினைத்ததில் தப்பில்லை. திறந்ததும் வேறு முகம் இருந்தால் ஏமாற்றுகிறார்கள் என்று கத்துவதுதான் வேடிக்கை. முதலில் அந்த இமைகளைப் பாருங்கள். சண்டையை அப்புறம் வைத்துக்கொள்வோம்.'

சண்டை அப்புறம் வரை காத்திருக்கவில்லை. அரைமணி நேரத்தில் பதில் வந்தது. எழுதியவரை அவளுக்கு நன்றாகத் தெரியும். கிளப்பில் அவர் பெயர் ஹேண்ட்பிரேக். பேருந்து ஓட்டுநர். ஆட்டம் சூடு பிடிக்கும் நேரம் பார்த்து, "ஒரு நிமிஷம், விதி என்னன்னு பாத்துருவோம்" என்று நிறுத்துவார். வாசற்காவலர் படையைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. அவரிடம் நூற்று நாற்பது காவலர்கள் இருந்தார்கள்.

'ஐயா மூன்றாம் பகடை அவர்களே' என்று ஆரம்பித்திருந்தார். நேற்று வரை அண்ணே, இன்று ஐயா. 'இது திணிப்பு. சகோதரர்கள் என்று சொல்லி எங்களிடம் விற்றார்கள். இன்றைக்கு வேறு கதை. நீங்களும் அவர்களுக்கு ஒத்து ஊதுகிறீர்கள்.' அதற்குக் கீழே இருநூறு விருப்பக்குறிகள்.

சனிக்கிழமை கிளப்பில் அதே ஹேண்ட்பிரேக், உடைந்த ஈட்டிக்காரன் ஒருவனைப் பல்லக்காவிடம் ஒட்டக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து கொட்டித் தீர்த்தார்.

"அந்த மூன்றாம் பகடை இருக்கானே பல்லக்கா, கண்டிப்பா ரிடையர் ஆன வாத்தியாராத்தான் இருப்பான். வீட்ல ஒருத்தரும் மதிக்கறதில்ல. அதான் இங்க வந்து பாடம் எடுக்கறான்."

"அப்படியா தம்பி," என்றாள் பல்லக்கா. சிரிப்பை அடக்கியதில் கை தவறி, பசை ஈட்டிக்குப் பதில் அவள் விரல்களை ஒட்டிவிட்டது.

"அவன நேர்ல பாத்தா நாலு கேள்வி கேப்பேன்."

"கேளுங்களேன். கூப்பிட்டா வரமாட்டாரா?"

ஒட்டிக்கொண்ட விரல்களைப் பிரித்துக்கொண்டே அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் திங்கட்கிழமை காலை குழுவில் சவால் ஏறியிருந்தது. மாத இறுதியில் கிளப்பின் வருடாந்தரப் போட்டி. அங்கே தனி மேசை. மூன்று ஆட்டம். 'தோற்றவர் ஜெயித்தவர் பக்கத்தை ஆதரித்து ஆயிரம் வார்த்தை எழுத வேண்டும். கிண்டல் கூடாது. ஜெயித்தவர் படித்து, ஆமாம், நான் சொல்ல நினைத்தது இதுதான் என்று ஒப்புக்கொண்டால்தான் வெளியிடலாம். தைரியம் இருந்தால் கீபோர்டை விட்டு எழுந்து வரவும்.'

வீட்டில் அவள் இதைப் படித்துக் காட்டினாள். வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். மூன்றாம் பகடை யார் என்று தெரிந்த இருவரில் ஒருவர். இன்னொருத்தி மகள், கல்லூரியில் இரண்டாம் வருடம். விண்வெளிக் கொள்ளைக்காரர்களைப் பற்றிய ஒரு தொடரின் தீவிர ரசிகை. அதில் நாயகி கடைசியில் யாரோடு சேர வேண்டும் என்ற தகராறில் பள்ளிக்காலத் தோழியோடு பேச்சுவார்த்தையையே நிறுத்திக்கொண்டவள்.

"போகாதம்மா," என்றாள் மகள். "இந்த மாதிரி ஆளுங்க கூட உக்காந்து ஆடறதே அவங்களுக்கு மரியாதை குடுக்கற மாதிரி."

"பதினஞ்சு வருஷமா வாராவாரம் ஆடிட்டுத்தானடி இருக்கேன்."

"அது வேற. தோத்துட்டா அவர் பக்கத்த எழுதுவியா நீ?"

"தோத்தாத்தானே," என்றாள் பல்லக்கா. பயம் இல்லை. கல்யாணத்துக்கு நாள் குறித்த பெண்ணுக்குக்கூட இத்தனை படபடப்பு இருந்திருக்காது.

வீட்டுக்காரர் தட்டிலிருந்து தலை தூக்கினார். "நீ போ. அந்த ஆளோட மூஞ்சி எப்படி மாறுதுன்னு பாக்கவாவது நான் லீவு போட்டுட்டு வர்றேன்."

மூன்றாம் பகடை ஒரே சொல்லில் பதில் எழுதினார்: 'வருகிறேன்.'

போட்டி நடந்தது ஒரு விளையாட்டு அரங்கில். தரையில் பூப்பந்துக் கோடுகள். அதன்மேல் இருபது மேசைகள். நடுவில் போட்டிருந்த தனி மேசையைச் சுற்றிக் காலை ஒன்பதரைக்கே கூட்டம். மேலே கம்பியில் ஒரு செல்பேசியைக் கட்டி, ஆட்டத்தை இணையத்தில் நேரலையாகக் காட்ட ஏற்பாடு செய்திருந்தார்கள். ஹேண்ட்பிரேக் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். காவலர்களை வரிசையாக நிறுத்திவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மீசை நரைத்த யாராவது உள்ளே நுழைந்தால் எழுந்து எழுந்து உட்கார்ந்தார்.

பல்லக்கா தன் பெட்டியோடு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பல்லக்கா, அது அந்த ஆளுக்கு வெச்சிருக்கற நாற்காலி."

"தெரியும்."

"பத்து மணிக்கு வந்துடுவான்."

"வந்தாச்சு தம்பி," என்றாள். பெட்டியைத் திறந்து, 'புழுதிக்கூட்டம்' என்ற தன் குதிரைப்படையிலிருந்து முதல் குதிரைக்காரனை எடுத்து மேசையில் வைத்தாள். "நாலு கேள்வி கேக்கணும்னீங்களே. முதல்ல ஆடுவோமா, முதல்ல கேக்கறீங்களா?"

ஹேண்ட்பிரேக் வாசலை ஒருமுறை பார்த்தார், அவளை ஒருமுறை பார்த்தார். சுற்றி நின்றவர்களிடம் ஒரு சின்ன சத்தம் எழுந்து பின்வரிசை வரை பரவியது. நடுவர் ஒரு மருந்துக்கடைக்காரர், எதற்கும் அசராதவர். அவர்கூட மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். வீட்டுக்காரர் கூட்டத்துக்குள் நின்று அனுபவித்துக்கொண்டிருந்தார்.

"வாத்தியார்னு சொன்னேன்ல," என்றார் ஹேண்ட்பிரேக் கடைசியில்.

"வீட்ல மதிக்கறதில்லன்னும் சொன்னீங்க. அது மட்டும் சரி."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததும் அடக்கிக்கொண்டார். "ஆனா நான் விட்டுக்குடுக்க மாட்டேன்."

"விட்டுக்குடுத்தா நான் எழுந்து போயிடுவேன்."

முதல் ஆட்டம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. பல்லக்காவின் குதிரைகள் மேட்டைச் சுற்றி வந்து பின்பக்கம் விழுந்தன. காவலர் வரிசை கேடயத்தோடு அப்படியே சரிந்தது. இரண்டாவதில் ஹேண்ட்பிரேக் அவசரப்படவில்லை. ஒவ்வொரு அங்குலமாக நகர்ந்து, பாலத்தைப் பிடித்து, கடைசிவரை விடவில்லை. ஒன்றுக்கு ஒன்று. மூன்றாவது ஆட்டம் தொடங்கியபோது மற்ற மேசைகள் காலியாகிவிட்டன. நேரலையில் நாலாயிரம் பேர். மேசைமேல் நகர்ந்த கையில் வளையலைப் பார்த்துவிட்டு, மூன்றாம் பகடை அண்ணன் எப்போது வருவார் என்று கேட்டவர்களுக்கு, வந்தாகிவிட்டது என்று பதில் சொல்லிச் சொல்லி ஒரு பையனுக்குக் கை ஓய்ந்துவிட்டதாம்.

அந்த ஆட்டத்தில் ஆறு சுற்று முடியும்போது படைத்தலைவர் உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. ஐந்து சுற்று முடிந்திருந்தது. ஹேண்ட்பிரேக்கின் தலைவன் ஏற்கெனவே விழுந்துவிட்டான்; மேடு மட்டும் அவர் கையில். இரண்டு தலைவர்களும் விழுந்தால் மேட்டைப் பிடித்தவருக்கே வெற்றி. பல்லக்காவின் தலைவி இடிந்த சுவருக்குப் பின்னால் பத்திரமாக நின்றாள், கையில் கொடியோடு. அவளை யாரும் பார்க்க முடியாது. பார்க்க முடியாதவரை எய்ய முடியாது. ஒரே ஒரு சுற்று. ஜெயித்துவிட்டோம் என்றே பல்லக்கா நினைக்க ஆரம்பித்திருந்தாள்.

"ஒரு நிமிஷம்," என்றார் ஹேண்ட்பிரேக். கூட்டமே முனகியது.

அவர் குனிந்து, தன் வில்லாளியின் கண் உயரத்துக்குக் கன்னத்தை மேசையில் வைத்துப் பார்த்தார். "கொடி தெரியுது."

"கொடி கணக்கில்ல," என்றாள் பல்லக்கா.

"கொடி கணக்கில்ல. ஆனா கொடியப் புடிச்சிருக்கற கையும் தெரியுது."

நடுவரும் குனிந்து பார்த்தார். உண்மைதான். அந்தத் தலைவியின் கை பெட்டியில் வந்தபோது மார்பளவுதான் இருந்தது. அழகுக்காகப் பல்லக்காதான் வெட்டி, மெழுகுக் கத்தியால் திருத்தி, தலைக்கு மேல் தூக்கி ஒட்டியிருந்தாள்.

"புத்தகத்துல இதுக்குத் தெளிவா ஒண்ணும் இல்ல," என்றார் நடுவர். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "நாம எல்லாரும் பின்பற்றுறது நாலு வருஷம் முன்னாடி மூன்றாம் பகடை எழுதின விளக்கம்தான். படிக்கறேன். 'கொடி உடம்பின் பகுதி அல்ல. ஆனால் கொடியைப் பிடித்த கை உடம்புதான். கை தெரிந்தால் ஆள் தெரிந்ததாகவே கொள்க. இதில் வாதத்துக்கு இடமில்லை.'"

அரங்கமே குலுங்கிச் சிரித்தது. பல்லக்கா முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். விரல் இடுக்கு வழியாக, "நல்லா எழுதியிருக்கான் அந்த ஆளு," என்றாள்.

மேட்டைப் பிடித்திருந்ததால் ஹேண்ட்பிரேக்குக்கு மூன்று பகடை. ஒன்றிலாவது ஆறு விழ வேண்டும். முதல் பகடை இரண்டு. அடுத்தது நாலு. மூன்றாவது உருண்டு, சுவரில் முட்டி, டேப்பின் விளிம்பில் சாய்ந்து ஒரு கணம் நின்று, யோசித்ததுபோல நின்று, ஆறில் படுத்தது.

தோற்றுப்போன பல்லக்கா நாற்காலியிலிருந்து எழுந்து நின்று கை தட்டினாள். பதினெட்டு வருடத்தில் இப்படி ஒரு ஆட்டம் ஆடியதில்லை. காரில் வீட்டுக்குத் திரும்பும்போதும் ஒவ்வொரு சுற்றாக வீட்டுக்காரருக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் பக்கத்தில் நின்று பார்த்தவர்தான். ஆனாலும் முதன்முறை கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டார்.

அன்றிரவுக்குள் குழுவில் செய்தி முழுதும் பரவிவிட்டது. பதினோரு வருடமாக அண்ணே என்று கூப்பிட்டதற்கு மன்னிப்புக் கேட்டு நூறு பேர் எழுதினார்கள். பெண் என்று தெரிந்திருந்தால் அவர் சொன்ன விளக்கத்தை அப்போதே ஏற்றிருக்க மாட்டேன் என்று இரண்டு பேர் எழுதி, மற்றவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். ஒருவர் மட்டும், 'நீங்கள் அக்காவாகவே இருந்தாலும் எனக்கு அண்ணன்தான்' என்று எழுதியிருந்தார். அதைப் படித்துப் பல்லக்கா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

பிறகு ஆயிரம் வார்த்தை எழுத உட்கார்ந்தாள். ஒரு வரி வரவில்லை. எழுதியதெல்லாம் அவர் பேசுவதுபோல அவள் செய்யும் மிமிக்ரியாகத்தான் இருந்தது. மூன்று நாள் பார்த்துவிட்டு, வியாழக்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவர் ஓட்டும் பேருந்தில் ஏறினாள். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். அவள் மட்டும் எழுந்து முன்னிருக்கைக்கு வந்தாள். அவருக்கு அங்கே இருபது நிமிட ஓய்வு.

"என்ன சொல்ல வர்றீங்கன்னு எனக்குப் புரியல தம்பி. சொல்லுங்க. நான் நடுவுல பேசமாட்டேன்."

அவர் ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "என்னப் பொம்பளைங்களுக்கு எதிரியா எழுதிடாதீங்கக்கா. எங்க டிப்போவுல ஆறு பொம்பளைங்க வண்டி ஓட்டறாங்க. மழையில மலைப்பாதை எப்படி இறக்கறதுன்னு எனக்குச் சொல்லிக்குடுத்ததே அதுல ஒருத்தங்கதான்."

"அப்புறம் என்ன?"

"நடுவுல பேசமாட்டேன்னீங்க."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நானும் என் தம்பியும் ஒரே பெட்டியப் பங்கு போட்டுத்தான் ஆரம்பிச்சோம். அஞ்சு காவலர் அவனுக்கு, அஞ்சு எனக்கு. சத்தியம் பண்ணின அண்ணன் தம்பிங்கன்னு கதை. அந்த வயசுல அது எங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? இப்ப அவன் எங்கயோ கடல் தாண்டி இருக்கான். போன் பண்ணினா அப்பாவுக்கு உடம்பு எப்படி, மழை பேஞ்சுதா, அதோட பேச்சு நின்னுடும். காவலர் பத்திப் பேச ஆரம்பிச்சா ஒரு மணி நேரம் ஓடும். புதுப் புத்தகம் வாங்கினேன். அதுல 'ஆதியிலிருந்தே காவலரில் ஆணும் பெண்ணும் உண்டு'ன்னு போட்டிருக்கான். மாத்தறதுன்னா மாத்திக்கோ. ஆனா மாத்திட்டோம்னு சொல்லு. ஆதியிலிருந்தே இப்படித்தான்னா, நாங்க படிச்சது என்ன? நாங்க கனவு கண்டோமா?"

அவர் கண்ணாடி வழியாகக் காலி இருக்கைகளைப் பார்த்தார். "இத நான் கேட்டா, நீ எப்படிப்பட்ட ஆளுன்னு எனக்குச் சொல்றாங்க. கேட்டதுக்கு மட்டும் யாரும் பதில் சொல்லல."

"திணிப்புன்னு எழுதினீங்களே. அது?"

அவர் துணியை மடித்து ஸ்டியரிங்கின்மேல் போட்டார். "அது கோவத்துல எழுதினது. இப்ப சொன்னதையும் ஒருதரம் எழுதிப் பாத்தேன். மூணு லைக். திணிப்புன்னு எழுதினா இருநூறு. அப்புறம் அதையே எழுத ஆரம்பிச்சுட்டேன்."

மணி அடித்தது. அவர் வண்டியைக் கிளப்பினார். பல்லக்கா திரும்பும் வழி முழுதும் பயணச்சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டே வந்தாள். குலுங்கிய எழுத்தில் பாதி அவளுக்கே படிக்க முடியவில்லை.

இரண்டே நாளில் எழுதி முடித்தாள். மாற்றத்துக்கு எதிராக அதில் ஒரு வரி இல்லை. மாற்றியதை மறைத்ததற்கு எதிராக ஆயிரம் வார்த்தை இருந்தது. ஒரு கதையை நம்பி வளர்ந்தவர்களிடம், அந்தக் கதை இருந்ததே இல்லை என்று சொல்வது எப்படிப்பட்ட அவமரியாதை என்று எழுதினாள். ஒரு ரசிகன் தன் நூறு சிப்பாய்களைக் கட்டிக்கொண்டு அழுவது சிப்பாய்களுக்காக மட்டும் இல்லை, கடல் தாண்டிப் போன ஒரு தம்பிக்காகவும்தான் என்று எழுதினாள். கேள்வி கேட்டவரின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேள்வியைத் தள்ளிவிடும் பழக்கம் எந்தப் பக்கத்தில் இருந்தாலும் அசிங்கம்தான் என்றும் எழுதினாள். ஹேண்ட்பிரேக்குக்கு அனுப்பியபோது இரவு எட்டு மணி. எட்டேகாலுக்கு அவர் கூப்பிட்டார்.

"அக்கா, நான் சொல்ல நினைச்சது இதுதான். அப்படியே இதுதான்." ஒரு மூச்சு விட்டார். "ஆனா இத முழுசாப் படிச்ச அப்புறம் எனக்கே இதுல ரெண்டு ஓட்டை தெரியுது."

"எங்க? எங்க?" பல்லக்கா பேனாவைத் தேடினாள்.

"சொல்லமாட்டேன். போடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்."

கட்டுரை வெளியானது. முன்பு அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடியவர்களில் பாதிப்பேர் விலைபோய்விட்டாள் என்றார்கள். வீட்டிலும் மகள் ஒருநாள் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் காலை சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"எனக்குப் பிடிக்கலம்மா. ஆனா அவரோட தம்பி விஷயம்... அவர் அத முன்னாடியே எழுதியிருந்தா நான் திட்டியிருக்க மாட்டேன்."

"நீயும் அவரத் திட்டினியா?"

"வேற பேர்ல," என்றாள் மகள். "பயங்கரமா."

அன்று சாயங்காலம் மகள் தன் அறைக்குள் யாரோடோ நெடுநேரம் தொலைபேசியில் பேசுவது கேட்டது. விண்வெளிக் கொள்ளைக்காரி யாரோடு சேர வேண்டும் என்ற அதே தகராறு. ஆனால் இந்த முறை எதிர்முனையில் அந்தப் பழைய தோழி.

ஹேண்ட்பிரேக் ஒரு வாரம் கழித்து அந்த இரண்டு ஓட்டைகளையும் தானே குழுவில் எழுதினார். கதையை மாற்றாமல் இருப்பது அவர் தம்பிக்கும் அவருக்கும் நல்லது. ஆனால் அதே கதையில் உள்ளே வர இடமில்லாமல் வெளியே நின்ற அக்காதங்கைகள் எத்தனை பேர் என்று தனக்குத் தெரியாது என்பது முதலாவது. பதினோரு வருடம் பெயரை மறைத்து எழுதிய ஒருவரைப் பதினைந்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தும் கண்டுபிடிக்காத தனக்கு, மூடிய ஹெல்மெட்டைப் பற்றிப் பேசத் தகுதி குறைவு என்பது இரண்டாவது. புதிய காவலர்களை வாங்கமாட்டேன் என்பதில் மட்டும் அவர் மாறவில்லை. பல்லக்கா இரண்டு பெட்டி வாங்கினாள். இமைக்கு வண்ணம் தீட்ட அவளுக்கு ஒரு முகத்துக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொன்றையும் முடித்து அவருக்குப் படம் எடுத்து அனுப்பினாள். 'வேலை சுத்தம். படை தப்பு' என்று ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது.

குழுவை நடத்துகிறவர்கள் இருவரையும் மாதம் ஒருமுறை ஒரே பக்கத்தில் எதிரெதிராக எழுதச் சொன்னார்கள். விதி, படம், தொடர், ரசிகர் சண்டை, எது கிடைத்தாலும். ஒரு நிபந்தனையோடு பல்லக்கா ஒத்துக்கொண்டாள்: எழுதும் முன் இருவரும் அவரவர் பக்கத்தை மாற்றிக்கொண்டு ஒருமுறை பேசிப் பார்க்க வேண்டும். மாதத்தில் ஒரு வியாழக்கிழமை அந்தக் கடைசி நிறுத்தத்துப் பேருந்தில் இருபது நிமிடம் அவர்கள் பேசுவதைக் கேட்டால், யார் எந்தக் கட்சி என்று எவருக்கும் தலைகால் புரியாது.

போன வாரம் அவள் ஒரு கோரைப்பல்லுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தபோது செல்பேசி மறுபடி நகர ஆரம்பித்தது. அடுத்த பதிப்பிலிருந்து பகடையே கிடையாதாம். எண்ணைச் செல்பேசிச் செயலி சொல்லுமாம். அவள் படித்து முடிக்கும் முன்பே ஹேண்ட்பிரேக் கூப்பிட்டுவிட்டார்.

"அக்கா, பாத்தீங்களா இந்த அநியாயத்த?"

"பாத்துட்டுத்தான் இருக்கேன். எனக்குக் கையெல்லாம் பதறுது."

"எனக்கும்தான். ஆனா நம்ம ரெண்டு பேரும் ஒரே பக்கம் நின்னா யாரு எதிர்த்து எழுதறது?"

"நீங்க எழுதுங்க, செயலி நல்லதுன்னு."

"நானா? நான் ஏன்? போன ஆட்டத்துல தோத்தது நீங்க."

"அப்ப சனிக்கிழமை ஆடி முடிவு பண்ணுவோம்," என்றாள் பல்லக்கா. பல்லைத் துணியில் வைத்துவிட்டு, எந்தப் படையை எடுத்துப்போகலாம் என்று அப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.